ஒன்பது நாள் ஓயாத அதிர்வு: டிக்சன் ஃபியோர்டு நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றிய பதிவு இது

2023 செப்டம்பர் 16 அன்று உலகம் முழுவதும் உள்ள நிலநடுக்கமானிகளில் ஓர் அதிர்வு பதிவாகத் தொடங்கியது. அது எந்த நிலநடுக்கத்தின் சாயலிலும் இல்லை. நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அடங்க வேண்டியது ஒன்பது நாள் நீடித்தது. அது எங்கிருந்து வந்தது, எதனால் வந்தது என்று விளக்கும் ஆய்வுக்கட்டுரைகள் வெளிவர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த விளக்கத்துக்கு நேரடிச் சான்று கிடைக்க மேலும் ஒன்பது மாதங்கள் பிடித்தன.

இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அதிர்வு ஒரு கூட்டத்தாரின் கையில் இருந்தது. அந்த அதிர்வுக்குக் காரணமான சம்பவம் வேறொரு கூட்டத்தாரின் கையில் இருந்தது. இரண்டும் ஒரே விஷயம்தான் என்று தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. இரு பக்கத்தையும் சேர்த்து வைத்த முடிவுகளும், அவசரப்பட்டு வழக்கை மூடாத முடிவுகளும்தான் விடையைக் கொண்டுவந்தன. ஆய்வாளர்களின் பெயர்களைத் தவிர்த்து, நடந்ததை வரிசையாகத் தருகிறேன்.

## இடமும் பின்னணியும்

டிக்சன் ஃபியோர்டு கிழக்கு கிரீன்லாந்தில் இருக்கிறது. பனியாறு அரித்துக் குடைந்த செங்குத்தான பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் குறுகலான, ஆழமான நீர்வழி உண்டாகும், அதுதான் ஃபியோர்டு. டிக்சன் ஃபியோர்டின் அகலம் சுமார் 2.7 கிலோமீட்டர், ஆழம் சுமார் 540 மீட்டர். நாம் பேசப்போகும் மலை திறந்த கடலிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. நீர்வழியின் மேற்கு முனையை ஒரு பனியாறு அடைத்துக்கொண்டிருக்கிறது. கிழக்குப் பக்கத்தில் நீர்வழி சட்டென்று வளைகிறது. இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற பெரிய கேள்வி இதில்தான் போய் முடிகிறது.

இது வடகிழக்கு கிரீன்லாந்து தேசியப் பூங்காவின் பகுதி. நிலப்பரப்பில் உலகின் மிகப் பெரிய தேசியப் பூங்கா அது. நிரந்தரக் குடியிருப்புகள் கிடையாது. டென்மார்க் ராணுவத்தின் சிரியஸ் ரோந்துப் படையினர் நாய்கள் இழுக்கும் பனிவண்டிகளில் இந்தப் பரப்பைச் சுற்றிவருகிறார்கள். கோடை முடிவில் உல்லாசக் கப்பல்கள் சில இந்த நீர்வழிகளுக்குள் வந்துபோகின்றன. அந்த ஃபியோர்டுக்குள் நீரின் ஏற்ற இறக்கத்தை நிரந்தரமாக அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஒன்று இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது.

கிரீன்லாந்துக்கு நிலச்சரிவுச் சுனாமி புதிதல்ல. 2017 ஜூன் 17 அன்று மேற்குக் கரையில் காராட் ஃபியோர்டில் மலைச்சரிவு நிகழ்ந்து, அதில் எழுந்த அலை நூகாட்சியாக் என்ற சிற்றூரைத் தாக்கியது. நான்கு பேர் இறந்தார்கள், 11 வீடுகள் அழிந்தன. அது மேற்கில். கிழக்குக் கிரீன்லாந்தில் இப்படி ஒன்று நிகழ்ந்ததாக அதுவரை பதிவே இல்லை. ஆகவே கண்காணிப்பு என்று ஏதாவது யோசித்தவர்களின் கவனமும் மேற்கிலேயே இருந்தது.

இன்னொரு பின்னணியும் உண்டு. டிக்சன் ஃபியோர்டின் ஓரத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையின் அடிவாரத்தில், குறுகிய பள்ளம் ஒன்றில் ஒரு சிறு பனியாறு இருந்தது. மலையின் பக்கத்துக்கு அது கீழிருந்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு வெப்பம் கூடக் கூட அந்தப் பனியாறு மெலிந்து தாழ்ந்துகொண்டே வந்தது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். முட்டு தேய்ந்துகொண்டிருந்ததை யாரும் அளந்துகொண்டிருக்கவில்லை.

## கருவிகளில் தெரிந்தது

சாதாரண நிலநடுக்கத்தின் பதிவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் முகம் தெரியும். முதலில் முதன்மை அலைகள் வரும், அடுத்து இரண்டாம் அலைகள், பிறகு நிலப்பரப்பை ஒட்டி ஓடும் மேற்பரப்பு அலைகள். பல அதிர்வெண்கள் கலந்து கரடுமுரடாகத் தெரியும். பெரிய நிலநடுக்கமாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும்.

இது அப்படி இல்லை. தொடக்கத்தில் சிறிய, கலங்கலான ஒரு துடிப்பு. அதன் பின் ஒரே ஓர் அதிர்வெண்: 10.88 மில்லிஹெர்ட்ஸ். அதாவது 92 நொடிக்கு ஒரு தடவை நிலம் போய்த் திரும்பியது. வேறு எந்தச் சுருதியும் கலக்கவில்லை. ஆர்க்டிக்கிலிருந்து அண்டார்டிகா வரை இருந்த நிலையங்களில் அதே 92 நொடி. வீச்சு மெல்ல மெல்லக் குறைந்ததே தவிர, தாளம் மாறவில்லை. ஒன்பது நாளைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 8,400 தடவை. மனிதர் யாரும் உணர முடியாத அளவு மெல்லிய அசைவு இது; நுண்ணிய கருவிகளுக்கு மட்டுமே தெரிந்தது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். நிலநடுக்கங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் கணினி அமைப்புகள், மேலே சொன்ன முதன்மை, இரண்டாம் அலைகளின் கூர்மையான வருகையைத் தேடும்படி அமைந்தவை. மெதுவாக, வழவழவென்று, ஒரே தாளத்தில் போகிற ஒன்றை அவை நிலநடுக்கமாக எண்ணுவதில்லை. அது தேடுகிறவரின் கண்ணில் படவேண்டும். நீண்ட அலைவு நேரமுள்ள அதிர்வுகளைத் தனியாகக் கவனித்துவந்த சில நிலநடுக்கவியலாளர்கள் இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது.

## முதல் சந்தேகங்களும் முதல் முடிவும்

முதல் கேள்வி, கருவியில் கோளாறா? ஒரே நிலையத்தில் மட்டும் தெரிந்திருந்தால் அந்த முடிவுக்கு வந்து விட்டுவிடலாம். வெவ்வேறு நாடுகள் நடத்தும், வெவ்வேறு வகைக் கருவிகள் உள்ள நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணைக் காட்டியபோது அந்த வாய்ப்பு அடிபட்டது.

அடுத்தது எரிமலை. இது வெறும் ஊகம் அல்ல, முன்னுதாரணம் இருந்தது. 2018 நவம்பர் 11 அன்று இந்தியப் பெருங்கடலில் மயோட் தீவுக்கு அருகிலிருந்து இதே போல ஒரே தாளத்தில் ஓர் அதிர்வு உலகைச் சுற்றி வந்தது. மறு ஆண்டு அங்கே கடலடியில் புதிய எரிமலை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் மயோட் அதிர்வின் அலைவு நேரம் பதினேழு நொடி அளவுதான், நீடித்ததும் மணிக்கணக்கில்கூட இல்லை. 92 நொடி, ஒன்பது நாள் என்பது வேறு அளவுகோல்.

இங்கே எடுத்த முடிவு எளிமையாகத் தெரியும், ஆனால் நிறைய இடங்களில் இதுதான் நடக்காமல் போகிறது. தெரிந்த வகை எதிலும் அடங்கவில்லை என்பதற்காக அதை இரைச்சல் என்று ஒதுக்காமல், ‘அடையாளம் தெரியாத நிலநடுக்கப் பொருள்’ என்று குறித்துத் திறந்த வழக்காகவே வைத்தார்கள். எரிமலை என்று பெயர் ஒட்டவும் இல்லை. நிலநடுக்கத் தரவுகள் பெரும்பாலும் உலகம் முழுவதும் எவரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்திருப்பவை. அதனால் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் காத்திருக்காமல் ஒரே நேரத்தில் அலசத் தொடங்கினார்கள். அலைகள் எந்த நிலையத்துக்கு எப்போது, எந்தத் திசையிலிருந்து வந்தன என்று பின்னோக்கிக் கோடு போட்டதில், எல்லாம் கிழக்கு கிரீன்லாந்தில் போய்ச் சேர்ந்தன.

## இன்னொரு கையில் இருந்த தகவல்

இதே நாட்களில், நிலநடுக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், கிழக்கு கிரீன்லாந்தில் ஒரு சுனாமி தாக்கியதாக டென்மார்க் தரப்புக்குத் தகவல் போயிருந்தது. சிரியஸ் ரோந்துப் படைக்கு எலா தீவில் ஒரு தளம் இருக்கிறது. டிக்சன் ஃபியோர்டில் சரிவு நிகழ்ந்த இடத்திலிருந்து அது சுமார் 70 கிலோமீட்டர். அங்கே குறைந்தது நான்கு மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறி, தளவாடங்களையும் கட்டுமானங்களையும் சேதப்படுத்தியது. சேதம் சுமார் 2 லட்சம் அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டார்கள். அந்த நேரத்தில் தளத்தில் ஆள் இல்லை. உயிரிழப்பு எதுவும் இல்லை.

சரிவு நடந்து மூன்று நாள் கழித்து டென்மார்க் ராணுவக் கப்பல் ஒன்று ஃபியோர்டுக்குள் போனது. மலை முகத்தில் புதிதாக ஒரு பெரிய வடு, பாறையும் தூசியும் படிந்து கறுத்த பனி, கரையோரப் பாறைகளில் அலை ஏறிச் சுரண்டிய தடம் என்று நேரில் பார்க்கவும் படம் எடுக்கவும் நிறைய இருந்தது. ஆனால் நீர் அசைவதாகக் கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அதே நேரத்தில் அந்த நீரின் அசைவு உலகம் முழுக்க நிலநடுக்கமானிகளில் பதிவாகிக்கொண்டிருந்தது. கப்பலில் இருந்தவர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அதற்குள் அலையின் உயரம் வெகுவாகக் குறைந்திருந்தது. முக்கால் நிமிடம் மெல்ல ஏறி, முக்கால் நிமிடம் மெல்ல இறங்குகிற நீரைக் கப்பல் தளத்தில் நிற்கும் கண் பிடிப்பது மிகக் கடினம். கப்பலும் கூடவே ஏறி இறங்கும்.

## இரண்டு தரப்பும் சேர்ந்தது

நிலநடுக்கவியலாளர்களுக்கு எங்கே என்பது தெரியும், என்ன என்பது தெரியாது. டென்மார்க்–கிரீன்லாந்து புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மலை சரிந்தது தெரியும். அது பூமியையே ஒன்பது நாள் அதிர வைத்திருக்கும் என்று நினைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. இரு தரப்பும் பேசத் தொடங்கியதும் நாளும் இடமும் பொருந்தின.

இதற்குப் பிறகு எடுத்த முடிவுதான் இந்த வழக்கின் போக்கைத் தீர்மானித்தது என்பது என் கருத்து. சிறு குழுவாக இருந்து வேகமாக எழுதி முடிக்காமல், கதவைத் திறந்து வைத்தார்கள். நிலநடுக்கவியல், நிலச்சரிவு, பனியாறு, கடலலைக் கணிப்பு, செயற்கைக்கோள் படங்கள் என்று ஒவ்வொரு துறையிலும் தெரிந்தவர்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். கடைசியில் 15 நாடுகளின் 40 நிறுவனங்களைச் சேர்ந்த 68 பேர் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களாக இருந்தார்கள். அவ்வளவு பேர் சேர்ந்தால் ஒருமித்த கருத்துக்கு வருவது கஷ்டம், வேலை இழுக்கும். ஆனால் கேள்வியே அப்படிப்பட்டது: ஒரு துறையின் கருவி பதிவு செய்ததை இன்னொரு துறையின் அறிவு இல்லாமல் விளக்கவே முடியாது.

இந்தக் குழுவுக்கு வெளியே, ஜெர்மனியின் புவி அறிவியல் ஆய்வு மையம் ஒன்றைச் சுற்றி இன்னொரு குழுவும் தனியாக இதே அதிர்வை ஆராய்ந்தது. தனித்தனியாகப் போன இரு குழுக்களும் ஏறக்குறைய ஒரே விளக்கத்தில் வந்து நின்றது பின்னால் பெரிய பலமாக அமைந்தது.

## மலையில் நடந்தது என்ன

சரிவுக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களையும் களப் படங்களையும் ஒப்பிட்டு, நடந்ததைக் கட்டம் கட்டமாக மீட்டெடுத்தார்கள். அடியில் முட்டாக இருந்த பனியாறு மெலிந்ததால் மலையின் ஒரு பக்கம் பிடி இழந்தது. பாறைத் திரள் சரிந்து அந்தப் பனியாற்றின் மேலேயே விழுந்து, பனியையும் வாரிக்கொண்டு குறுகிய பள்ளம் வழியாக ஃபியோர்டுக்குள் பாய்ந்தது. பாறையும் பனியும் சேர்ந்து 2.5 கோடி கன மீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். அது விழுந்த இடத்தில் நீர் 200 மீட்டர் உயரம் வரை எழுந்தது.

200 மீட்டர் என்பது மிகப் பெரிய எண். ஆனாலும் ஒப்பீட்டுக்குச் சொல்ல வேண்டும்: 1958 ஜூலை 9 அன்று அலாஸ்காவின் லிட்டுயா விரிகுடாவில் நிலநடுக்கத்தால் பாறை சரிந்தபோது எதிர்க்கரையில் நீர் 524 மீட்டர் உயரம் வரை ஏறியது. ஒடுங்கிய நீர்ப்பரப்பில் பெரும் பாறை விழுந்தால் இப்படி ஆகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். டிக்சன் ஃபியோர்டில் தெரியாதது அதன் பிறகு நடந்ததுதான்.

## ஒன்பது நாள் என்பதுதான் சிக்கல்

சுனாமி வந்தது, போனது என்றால் சில மணி நேர அதிர்வு போதும். ஒன்பது நாள் எப்படி?

குளியல் தொட்டியில் தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் அது இரு சுவர்களுக்கும் நடுவே இப்படியும் அப்படியும் போய் வரும்; தொட்டியின் அளவுதான் அந்தத் தாளத்தை முடிவு செய்யும். ஏரிகளிலும் துறைமுகங்களிலும் இப்படி நீர் ஊசலாடுவதை நீரியலார் செய்ஷ் என்பார்கள். டிக்சன் ஃபியோர்டில் நீர் நீளவாக்கில் ஓடாமல், அகலவாக்கில், வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே ஊசலாடியது என்பதுதான் முன்வைத்த விளக்கம்.

இதை யாரும் ஒரு துண்டுக் காகிதத்தில் சரிபார்க்கலாம். நீண்ட அலை நீரில் போகும் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். ஆழம் 540 மீட்டர் என்றால் வேகம் நொடிக்குச் சுமார் 73 மீட்டர். அகலம் 2.7 கிலோமீட்டர், போய்த் திரும்ப 5.4 கிலோமீட்டர். வகுத்தால் 74 நொடி. 92 வரவில்லையே என்று தோன்றும். ஆனால் ஃபியோர்டின் அடி தட்டையான பெட்டி அல்ல. ஓரங்களில் ஆழம் குறையும். குறுக்குவெட்டில் சராசரி ஆழம் 350 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் நொடிக்கு 59 மீட்டர், விடை 92 நொடியை ஒட்டி வருகிறது. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் எண் சரியான வட்டாரத்தில் வந்து விழுகிறது. நீளவாக்கில் ஊசலாடியிருந்தால் அலைவு நேரம் இதைப் போலப் பல மடங்கு வரும்.

தாளம் பொருந்தியது சரி. நீடிப்பு? தொடக்கத்தில் செய்த கணினிக் கணிப்புகளில் ஊசலாட்டம் பதிவில் இருந்ததைப் போல நீடிக்கவில்லை, சீக்கிரமே அடங்கிவிட்டது. இந்த இடத்தில் ‘கிட்டத்தட்ட விளங்கிவிட்டது’ என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடலடித் தரை பற்றிய தரவு கரடுமுரடாக இருந்தால் கணிப்பில் நீர் எங்கெங்கோ சிதறி ஆற்றலை இழக்கும். அதனால் கடலடி அமைப்பை நுட்பமான அளவீடுகளோடு மீண்டும் உள்ளிட்டு, மிக நெருக்கமான கட்டங்களாகப் பிரித்துக் கணித்தார்கள். இப்போது சுனாமி சில நிமிடங்களில் ஏழு மீட்டர் உயர ஊசலாட்டமாக நிலைப்பட்டது. பிறகு நாள் கணக்கில் மெல்லத் தேய்ந்தது. தேய்மானத்தின் வேகம் பதிவில் கண்டதோடு பொருந்தியது. கணிப்பு தந்த அதிர்வெண் 11.45 மில்லிஹெர்ட்ஸ், அதாவது 87 நொடி. பதிவோடு ஐந்து விழுக்காட்டு வித்தியாசம்தான்.

ஆற்றல் ஏன் வெளியேறவில்லை என்பதற்கு முதலில் சொன்ன வடிவம்தான் பதில். மேற்கில் பனியாறு அடைத்துக்கொள்கிறது, கிழக்கில் கூரிய வளைவு. குறுக்கே ஊசலாடும் நீர் ஃபியோர்டின் நீளத்தில் கசிந்து தப்பிக்க வழி குறைவு. பாறையும் ஃபியோர்டின் நீளத்துக்கு ஏறக்குறைய செங்கோணத்தில் எதிர்க்கரையை நோக்கி விழுந்ததால், விழுந்த ஆற்றலில் கணிசமான பங்கு அந்த ஊசலாட்டத்திலேயே போய்ச் சேர்ந்தது.

கடைசிச் சோதனை திசை. நீர் வடக்கும் தெற்குமாக மோதும்போது அது நிலத்தைக் கிடைமட்டமாகத் தள்ளி இழுக்கிறது. அப்படி ஒரு கிடைமட்ட விசை இருந்தால், விசையின் திசையில் ஒரு வகை மேற்பரப்பு அலையும் அதற்குக் குறுக்கான திசையில் இன்னொரு வகையும் மேலோங்கி வெளிப்படும். முதலாவதை ராலே அலை, இரண்டாவதை லவ் அலை என்பார்கள். உலக நிலையங்களின் பதிவை அப்படிப் பிரித்துப் பார்த்தபோது, ஃபியோர்டுக்குக் குறுக்கான விசை ஒன்று இருந்தால் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே தெரிந்தது. அந்த விசையின் உச்ச அளவு 50,000 கோடி நியூட்டன். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் புறப்பாட்டு விசை 3.5 கோடி நியூட்டன் அளவு. அதைப் போலப் பதினாலாயிரம் ராக்கெட்டுகளின் விசை, 46 நொடிக்கு ஒரு முறை திசை மாறிக்கொண்டே இருந்தது.

எனக்கு இந்தச் சோதனைதான் இந்த ஆய்விலேயே வலுவான பகுதி. அதிர்வெண் தற்செயலாகப் பொருந்தலாம், தேய்மானத்தைக் கணிப்பில் திருகிச் சரிசெய்யலாம். உலகம் முழுக்கப் பரந்த திசை அமைப்பைத் தற்செயலாகப் பொருத்த முடியாது.

## அக்டோபர் 11: இரண்டாவது தடவை

முதல் அதிர்வு அடங்கி இரண்டு வாரம் கழிந்ததும், அக்டோபர் 11 அன்று அதே ஃபியோர்டிலிருந்து அதே வகை அதிர்வு மறுபடி வந்தது. இந்த முறை சிறிய சரிவு, சிறிய சுனாமி, பலவீனமான பதிவு. ஆய்வாளர்களுக்கு இது மிகப் பயன்பட்டது: பாறையின் அளவு மாறினாலும் தாளம் மாறவில்லை என்றால், தாளத்தை நிர்ணயிப்பது விழுந்த பொருள் அல்ல, நீர்ப்பரப்பின் வடிவமே. கூடவே, அந்த மலைப்பக்கம் இன்னும் நிலைகொள்ளவில்லை என்பதும் தெளிவானது.

## வெளியீடும், மீதி நின்ற குறையும்

ஜெர்மன் குழுவின் கட்டுரை 2024 ஆகஸ்டிலும், 68 பேர் குழுவின் கட்டுரை செப்டம்பரில் சயின்ஸ் இதழிலும் வந்தன. உலகச் செய்திகளில் ‘பூமி ஒன்பது நாள் அதிர்ந்தது’ என்று தலைப்புகள் ஓடின. பொதுவாகச் செய்தி அங்கே முடிந்துவிடும்.

ஆனால் ஆய்வு முறையில் பார்த்தால் ஒரு குறை மீதி இருந்தது. ஊசலாடிய நீரை யாரும் பார்க்கவில்லை. இருந்தது தூரத்து அதிர்வுப் பதிவும், கணினிக் கணிப்பும், சரிவின் தடங்களும். ஊசலாட்டத்தின் தொடக்க உயரம் எவ்வளவு என்பதிலும் கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது என்பது வேறு, நடந்ததை அளந்தது என்பது வேறு. இந்த வித்தியாசத்தை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

## நீரை நேரில் அளந்தது

வழக்கமான கடல்மட்ட அளவைச் செயற்கைக்கோள்கள் தமக்கு நேர் கீழே ஒரு கோட்டில் மட்டும் நீர்மட்டத்தை அளப்பவை. 2.7 கிலோமீட்டர் அகல ஃபியோர்டின் இரு கரைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க அவற்றால் முடியாது. 2022 டிசம்பர் 16 அன்று நாசாவும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து அனுப்பிய ஸ்வாட் செயற்கைக்கோள் வேறு வகை. பத்து மீட்டர் நீளத் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆன்டெனாக்கள் ராடார் எதிரொலியை வாங்கி, அகலமான ஒரு பட்டையில் நீர்மட்டத்தை வரைபடமாகவே தருகின்றன.

அந்தச் செயற்கைக்கோள் 2023 செப்டம்பர் 17 அன்று, சரிவுக்கு மறுநாள், டிக்சன் ஃபியோர்டின் மேல் போயிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று அந்தத் தரவை எடுத்துப் பார்த்தது. வடகரையில் நீர்மட்டம் தென்கரையைவிட 1.2 மீட்டர் வரை உயரமாக இருந்தது. அமைதியான நீர்ப்பரப்பில் அப்படி ஒரு சாய்வு இருக்கவே முடியாது. இரு நிகழ்வுகளின் போதும் கடந்துபோன தடவைகளை ஒப்பிட்டபோது இரண்டு மீட்டர் வரை உயர வித்தியாசம் தெரிந்தது. சாய்வு ஒரு தடவை ஒரு பக்கமாகவும் இன்னொரு தடவை எதிர்ப்பக்கமாகவும் இருந்தது. போய் வருகிற நீரைத் தவிர வேறெதுவும் இப்படித் தெரியாது.

இங்கேயும் அவசரப்படாமல் ஒரு முடிவு எடுத்தார்கள். காற்றோ ஓதமோ இந்தச் சாய்வை உண்டாக்கியிருக்கலாமே என்று கேட்டு, அந்த நாட்களின் வானிலையையும் ஓதத்தையும் மீட்டெடுத்துக் கணித்து, இரண்டையும் விலக்கினார்கள். அதன் பிறகு செயற்கைக்கோள் கண்ட நொடித்துண்டுகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த நிலநடுக்கப் பதிவுகளோடு கோத்தார்கள். செயற்கைக்கோள் வராத நேரத்திலும் நீர் என்ன செய்தது என்பதை அந்தப் பதிவுகள் நிரப்பின. முதல் ஊசலாட்டத்தின் தொடக்க உயரம் 7.9 மீட்டர் என்று கிடைத்தது. கணிப்பு முன்பு சொன்ன ஏழுக்கு அது வெகு அருகில். 2025 ஜூனில் இது நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியானது.

## இனி என்ன மாற வேண்டும்

முதலாவது, தேடும் முறை. நீண்ட அலைவு நேரத்து, ஒரே தாள அதிர்வுகளை நிலநடுக்க மையங்கள் வழக்கமாகவே தேட வேண்டும். பழைய பதிவுகளிலும் இப்படிப்பட்டவை கவனிக்கப்படாமல் கிடக்கலாம். அவற்றை மீண்டும் அலசினால், ஆளில்லாத ஃபியோர்டுகளில் எத்தனை சரிவுகள் நடந்திருக்கின்றன என்பது தெரியவரும். பனியாறு மெலிவதற்கும் சரிவுகள் கூடுவதற்கும் உள்ள உறவை எண்ணிக்கையில் காட்ட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு மலை சரிந்ததை வைத்து எல்லா மலையும் சரியும் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து, கடலடி வரைபடம். முதல் கணிப்புகள் தடுமாறியது இயற்பியல் தெரியாததால் அல்ல, தரையின் வடிவம் தெரியாததால். கப்பல் போகிற ஃபியோர்டுகளுக்காவது நுட்பமான ஆழ அளவீடு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். நீருக்கடியில் அழுத்தத்தை அளக்கும் சில கருவிகளை இறக்கிவைத்தால், செயற்கைக்கோள் சரியான நாளில் மேலே வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக எச்சரிக்கை. ஃபியோர்டுக்குள், சரிவுக்கு எதிரே நிற்கும் கப்பலுக்கு நேரமே இருக்காது. அங்கே ஒரே பாதுகாப்பு, முட்டு இழந்த மலைகளின் அடியில் போகாமல் இருப்பது. அதற்கு எந்த மலைகள் என்று தெரிந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் ராடார் மலைமுகத்தின் சிறு நகர்வுகளையும் காட்டும், அதைத் தொடர்ந்து பார்க்க ஆள் வேண்டும். எலா தீவு போன்ற தூரத்து இடங்களின் கதை வேறு. 70 கிலோமீட்டரைச் சுனாமி கடக்க, ஃபியோர்டின் ஆழத்தை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். சரிவின் அதிர்வோ நிலத்தின் வழியாக அதே தூரத்தை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். அருகில் ஒரு நிலநடுக்கமானியும், அதன் பதிவைச் சரிவு என்று உடனே அடையாளம் காணும் கணினி நிரலும், தளத்தில் ஒரு சங்கொலியும் இருந்தால் மேட்டுக்கு ஏறிவிடலாம். 2023 செப்டம்பர் 16 அன்று தளத்தில் ஆட்கள் இருந்திருந்தால் அவர்களுக்கு அந்தக் கால் மணி நேரத்தில் தகவல் சொல்ல எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.